நிற்பதற்கு முன் எப்படி ஓடியது

தம்பி,

காலையில் தேத்தண்ணிக்குக் கேத்திலை அடுப்பில் வைத்துவிட்டு நின்றபோது ஜன்னலால் புகை மணத்தது. படகு எஞ்சின் ஓடும்போது வருகிற, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற அந்த மண்ணெண்ணெய்ப் புகை. நீ போன பிறகு அது இந்த வளவுக்குள் வந்ததே இல்லை. ஒரு கணம், நீதான் பட்டறையில் நிற்கிறாய் என்று நினைத்துவிட்டேன். நினைத்ததற்காக என்மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது.

அடுப்பை நிறுத்திவிட்டுப் பின்பக்கம் போனேன். உன் மகள் தர்ஷி பட்டறைக் கதவை அகலத் திறந்து வைத்திருந்தாள். தண்ணீர்ப் பீப்பாயில் உன் பழைய எஞ்சினைக் கொளுவி, கயிற்றை இழுத்து, ஓடவிட்டுக்கொண்டு நின்றாள். உன் காக்கிச் சேட்டு அவள் முழங்கால் வரை தொங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கம் அயலார் கூடிவிட்டார்கள். "அப்பாட கை அப்பிடியே வந்திருக்கு" என்று ஒருத்தி சொன்னாள். "கெட்டிக்காரி!" என்று இன்னொருத்தி. கம்பஸில் படிக்கிற பிள்ளை விடுமுறைக்கு வந்து எஞ்சின் திருத்தினால் யார்தான் மெச்சமாட்டார்கள்?

என்னைக் கண்டதும் ஓடி வந்து எண்ணெய்க் கையோடு கட்டிப்பிடித்தாள். கம்பஸை விடப் போகிறாளாம். மூதூருக்கு வேகப் படகு விடப் போகிறாளாம். அதற்குப் பெயர் வைத்தாயிற்று, நிறம் தெரிவு செய்தாயிற்று. ஒரு சொல் முடிய முன்னம் அடுத்த சொல் அதன்மேல் ஏறி விழுந்தது. "நித்திரை கொண்டனியோ பிள்ளை?" என்று கேட்டேன். சிரித்தாள்.

"இந்தக் கிழமை முழுக்க வடிவா நித்திரை இல்லை மாமி. ஆனா களைப்பே தெரியேல்ல. நித்திரை எண்டது சோம்பேறியளின்ர வேலை."

இந்த வசனத்தை நான் உன் வாயால் கேட்டிருக்கிறேன். அதே சிரிப்போடு, அதே இடத்தில் நின்று சொன்னாய். அதனால்தான் இன்று கந்தோருக்கு லீவு சொல்லிவிட்டு உனக்கு எழுதுகிறேன். தபாற்கந்தோரில் முத்திரை குத்தியே நரைத்தவள் நான். விலாசம் இல்லாத கடிதத்துக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் யாரிடமாவது சொல்லத்தானே வேண்டும். இந்த ஊரில் உயிரோடு இருப்பவர்களிடம் உன்னைப் பற்றிச் சொன்னால், அவர்கள் எனக்கே உன்னைப் பற்றிச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஊர் சொல்லும் உன் கதை மிக அழகானது. அம்மன் கோயில் தெப்பத்தை ஓட்டியவன். கேட்டவனுக்கெல்லாம் கை கொடுத்தவன். கடலுக்குப் பயப்படாதவன். கோயில் மண்டபத்தில் உன் படத்தை மாலையோடு மாட்டி வைத்திருக்கிறார்கள். அதில் நீ பல் முழுக்கத் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் படம் எடுத்த காலத்தில் நீ எவ்வளவு வருத்தமாக, எவ்வளவு பெரிய நோயாளியாக இருந்தாய் என்பது அதற்கு மாலை போடுகிறவர்களுக்குத் தெரியாது. சொன்னாலும் ஏற்க மாட்டார்கள். சிரிக்கிறவனுக்கு என்ன வருத்தம்?

உன் பட்டறைக்கு எஞ்சினைத் தோளில் சுமந்துகொண்டு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள். "நடுக்கடலில நிண்டுட்டுது, இழுத்தா வருகுதில்லை." நீ நட்டுத் திருகுகிற சாவியைத் தொடவே மாட்டாய். கதிரையைக் காட்டி இருக்கச் சொல்லுவாய்.

"நிண்ட கதையை விடுங்கோ. நிக்க முன்னம் எப்பிடி ஓடினது? அதைச் சொல்லுங்கோ."

"நல்லாத்தான் ஓடினது."

"நல்லா எண்டா? வழமையிலும் பாக்கக் கூட ஓடினதோ?"

அந்த ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம், அன்றைக்கென்று பறந்தது என்பார். நீ தலையை ஆட்டுவாய். எண்ணெய் போதாமல் ஓடுகிற எஞ்சின் இறுகி நிற்பதற்கு முன் துள்ளிக்கொண்டுதான் ஓடும் என்று எனக்கு விளங்கப்படுத்தினாய். அதைக் கேட்காமல் எஞ்சினைக் கழற்றுகிறவன் மெக்கானிக்கே இல்லை என்றும் சொன்னாய். அப்போது எனக்கு அது வெறும் தொழிற்கதை. மதிய சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, சாப்பிட வா என்று கத்திக்கொண்டு நின்றேன்.

நீ முதன்முதலாகத் துள்ளி ஓடியது முப்பது கடந்த புதிதில். தர்ஷி அப்போது கைக்குழந்தை. திருவிழாவுக்கு முன் திடீரென்று உனக்கு உடம்பில் பத்துப் பேரின் பலம் வந்தது. கரையில் இழுத்து வைத்திருந்த படகுகளுக்கெல்லாம், ஒருவரையும் கேட்காமல், மஞ்சள் பூச்சு அடித்தாய். கண் கூசும் மஞ்சள். சொந்தக்காரர்களில் சிலர் முதலில் ஏசினார்கள். பிறகு இலவசப் பூச்சுத்தானே என்று சிரித்தார்கள். கிண்ணியாவிலிருந்து வந்த ஒருவருக்கு உன்னிடம் இருந்ததிலேயே நல்ல எஞ்சினைச் சும்மா தூக்கிக் கொடுத்தாய். தெப்பத்துக்குப் படகுகளைச் சோடித்து, விளக்குக் கட்டி, அம்மனை ஏற்றிக் குடாவைச் சுற்றி வந்தபோது சனம் அழுதது. எங்கள் பெரியப்பாவின் மூத்த மகன், கோயில் தலைவர், நாங்கள் பெரியண்ணன் என்று கூப்பிடுகிறவர், உன் தோளில் கை போட்டு, "அம்மன் இவனிலதான் இறங்கியிருக்கிறா" என்றார்.

அந்த அம்மன் வீட்டுக்குள் எப்படி இருந்தாள் என்று உன் மனைவி சுகந்தியிடம் யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் படுங்கோ என்று சொன்னதற்கு நீ பீங்கான் கோப்பையைச் சுவரில் அடித்தாய். அவள் உன்னை அடக்கி ஆளப் பார்க்கிறாளாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, கதவடியில் நின்றபடி சொன்னாள்: "மச்சாள், இவர் என்னைப் பாக்கிறார், ஆனா நான் ஆரெண்டு அவருக்குத் தெரியேல்லப் போல கிடக்கு."

நான் வந்து உன்னைப் பிடித்து ஏசினேன். நீ என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கிவிட்டு, "அக்கா, உனக்கு ஒரு கப்பல் வாங்கித் தாறன்" என்றாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உன் சிரிப்பு அப்படிப்பட்டது. பக்கத்தில் நிற்கிறவரையும் இழுத்துக்கொண்டு போகும்.

பிறகு மழைக்காலம் வந்தது. நீ நின்றுவிட்டாய். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவன் எழும்பவில்லை. பட்டறைப் பூட்டில் துரு ஏறியது. குளிக்கமாட்டாய், சவரம் செய்யமாட்டாய், சோற்றைக் குழைத்து வாயருகே கொண்டு போனால் வாயைத் திறப்பதே ஒரு வேலை என்பதுபோல் பார்ப்பாய். "அக்கா, நான் உங்கள் எல்லாருக்கும் ஒரு பாரம்" என்றாய். அந்தக் குரல் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. கோபத்தில் சொன்னால் மறுத்துப் பேசலாம். நீ சாவதானமாக, கணக்குப் பார்த்து முடித்தவன் மாதிரிச் சொன்னாய்.

அப்போதுதான் ஊருக்கு நீ வருத்தக்காரன் ஆனாய். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று கழிப்புக் கழித்தார்கள். தேசிக்காய் வெட்டினார்கள். அதற்கும் நீ எழும்பாததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று முடிவானது. எங்கள் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும்தானே. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் வருத்தக்காரனோடு ஒரு 'கதைக்கிற ஆள்' போக வேண்டும். நாலு பேரைத் தெரிந்த, நாலு வார்த்தை இங்கிலீசு பேசக்கூடிய ஓர் ஆண்பிள்ளை. வருத்தக்காரன் வாயைத் திறக்கத் தேவையில்லை. மனைவி திறக்கவே கூடாது. அப்படி உனக்காகக் கதைக்க வந்தவர் பெரியண்ணன். வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், வெள்ளை நீளக் காற்சட்டை, சட்டைப் பையில் பேனை.

என்னை உள்ளே விடவில்லை. இத்தனை பேர் எதற்கு என்று பெரியண்ணனே வாசலில் நிறுத்திவிட்டார். உள்ளே நடந்ததைச் சுகந்தி பிறகு சொன்னாள். வெளியே சனம் வரிசையில் நெரிந்துகொண்டிருக்க, களைத்துப்போன டொக்டர், என்ன செய்கிறது என்று கேட்டிருக்கிறார். பெரியண்ணன் சொன்ன மறுமொழி இது: "அருமையான பிள்ளை டொக்டர். இவ்வளவு நாளும் நல்லா ஓடியாடித் திரிஞ்சவன். இப்பதான் இப்பிடிப் படுத்திட்டான்."

நல்லா ஓடியாடித் திரிஞ்சவன். அவ்வளவுதான். நித்திரை இல்லாத கிழமைகள், மஞ்சள் படகுகள், சுவரில் உடைந்த கோப்பை, தூக்கிக் கொடுத்த எஞ்சின், எல்லாம் அந்த ஒரு வசனத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. சுகந்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாளாம். பெரியண்ணன் அவள் பக்கம் திரும்பி, "வீட்டுக் கதையை ஏன் டொக்டருக்கு?" என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். நீ துள்ளிய காலம் அவருக்கு உண்மையிலேயே உன் சுகமான காலம். அவருடைய கோயிலுக்கு அது நல்ல காலம்.

டொக்டர் மனச்சோர்வு என்று எழுதிக் குளிசை தந்தார். அவரை நான் முழுதாகக் குற்றம் சொல்லமாட்டேன். பாதி எஞ்சினைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அவர் பாதியைத்தான் திருத்துவார். குளிசை குடிக்கத் தொடங்கி, மாதம் திரும்ப முன் நீ எழும்பினாய். எழும்பினாய் என்ன, கிளம்பினாய். பெரியண்ணன் கோயிலில் பொங்கல் வைத்தார். "பாத்தியா, மருந்து வேலை செய்யுது!" என்று என்னிடம் வந்து வீரம் பேசினார். சோர்வுக்கு மட்டும் கொடுக்கிற அந்தக் குளிசை உன்னைப் போன்றவர்களைச் சில வேளை மேலே தூக்கி எறிந்துவிடும் என்று பிற்காலத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது. நீ சுகமாகிவிட்டாய் என்று குளிசையையும் விட்டாய். கிளினிக்கையும் விட்டாய். அடுத்த முறை விழும் வரைக்கும்.

இப்படியே வருடங்கள் போயின. விழுந்தால் ஆஸ்பத்திரி, எழுந்தால் கோயில். ஒவ்வொரு முறையும் டொக்டர்மார் மாறினார்கள், கதைக்கிற ஆள் மட்டும் மாறவில்லை. உன் தலைமயிர் நரைத்தது. தர்ஷி வளர்ந்து, உன் முகத்தைப் பார்த்தே அன்றைக்கு வீட்டில் எப்படி நடக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கப் பழகிக்கொண்டாள். ஒரு பிள்ளைக்கு அது என்ன பழக்கம், சொல்லு பார்ப்போம்.

கடைசியில் ஒரு முறை நீ விழுந்து கிடந்தபோது பெரியண்ணன் கண் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போயிருந்தார். அவருடைய கண்ணுக்கு வந்த புரைக்கு நான் இன்றும் நன்றி சொல்கிறேன். நானும் சுகந்தியும் உன்னைக் கூட்டிக்கொண்டு போனோம். புதிதாக மாற்றலாகி வந்த சிங்களப் பெண் டொக்டர். வயது குறைவு. படித்துப் பழகிய தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்துப் பேசினார். உன்னிடம் நிறைய நேரம் கதைத்தார். நீ பாதிக்கு மறுமொழி சொன்னாய், பாதிக்கு அழுதாய். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"இந்தக் கவலைக்கு முன்பு இவர் எப்படி இருந்தார்? மிகவும் சந்தோசமாக, நித்திரை தேவை இல்லாமல், அதிக வேகமாக இருந்த காலம் இருந்ததா?"

தம்பி, உன் கேள்வியை, நீ கதிரையைக் காட்டி இருத்திவிட்டுக் கேட்கிற கேள்வியை, அந்தப் பிள்ளை கேட்டாள். சுகந்தி என்னைப் பார்த்தாள். நான் தொடங்கினேன். நான் நிறுத்திய இடத்தில் அவள் தொடங்கினாள். மஞ்சள் படகு, எஞ்சின், கோப்பை, கப்பல். டொக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். எத்தனை நாள் நீடித்தது, வேலை கெட்டதா, யாரோடாவது சண்டையா, சாராயம் குடிப்பாரா, சாக வேண்டும் என்று சொன்னாரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்றும் கேட்டார்.

அப்பா. எனக்குச் சட்டென்று அப்பா நினைவுக்கு வந்தார். ஒரு வருடம் மூலைக்குள் வாய் திறக்காமல் இருப்பார். இன்னொரு வருடம் தோப்பூரில் யாருடைய வயலையோ குத்தகைக்கு எடுத்து, நாடு முழுவதற்கும் நெல் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டு திரிவார். எங்கள் வீட்டில் அதற்கு 'அப்பாவின் குணம்' என்று பெயர். அதைச் சொன்னதும் டொக்டர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அன்றைக்கே அவர் முடிவு சொல்லவில்லை. கழுத்துச் சுரப்பியில் பிழை இருந்தாலும் இப்படி வரலாம் என்று இரத்தம் சோதிக்க அனுப்பினார். இந்த வருத்தத்தை இரத்தத்தில் காண ஏலாது, ஆளின் கதையில்தான் காணலாம் என்றார். சில தடவை போய் வந்த பிறகு பெயரைச் சொன்னார். இருமுனைக் கோளாறு. பைப்போலர். நீ நிமிர்ந்து இருந்து, "அப்ப நான் எழும்பினதும் வருத்தம்தானோ?" என்று கேட்டாய். "ஆம்" என்றார். "விழும்போது மட்டும் நீங்கள் வந்தீர்கள். அதனால் எங்களுக்குப் பாதி தெரியவில்லை."

வருகிற வழியில் துறைமுகப் பக்கம் ஓட்டோவை நிறுத்தச் சொன்னாய். இறங்கி நின்று தண்ணீரைப் பார்த்தாய். "அப்ப நான் நல்லா இருந்ததெண்டு நினைச்ச காலமெல்லாம் ஆரடா நான்?" என்றாய். உனக்கு நீயே சொன்னாய்.  ஒரு பெயர் கிடைத்தால் பாதி வருத்தம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். உனக்கு அது உன் சந்தோசத்தையும் சேர்த்துக் கொண்டுபோன பெயர்.

லித்தியம் தொடங்கினார்கள். மாதாமாதம் இரத்தம், நிறையத் தண்ணீர், உப்பைக் குறைக்காதே, விரதம் என்று பட்டினி கிடக்காதே. கை நடுங்கியது. "அக்கா, சின்ன நட்டைப் பிடிக்க ஏலாமக் கிடக்கு" என்று விரல்களை நீட்டிக் காட்டினாய். டொக்டர் அளவை மாற்றினார். நடுக்கம் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. ஆனால் நீ இரவில் படுத்தாய், காலையில் எழும்பினாய். பட்டறையை நேரத்துக்குத் திறந்தாய், நேரத்துக்குப் பூட்டினாய். பின்னேரத்தில் என் வாசலில் வந்திருந்து, சீனன்குடாவில் இறங்க வருகிற விமானத்தைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் பெரிதாகச் சொல்லாமல் தேத்தண்ணி குடித்தாய். பகிடி விட்டாய், சிரிக்க வைக்கிற சின்னச் சின்னப் பகிடி. என் சம்பல் கைப்பதாகக் குறை சொன்னாய். அந்த ஒரு வருடம்தான் எனக்கு ஒரு தம்பி இருந்தான்.

ஊருக்கு அந்தத் தம்பியைப் பிடிக்கவில்லை. "மருந்து குடுத்து மனுசனை மந்தமாக்கிப் போட்டினம்" என்றார்கள். உன்னைப் பார்க்க வருகிறவர்கள் ஏதோ வாங்க வந்து கடை பூட்டியிருந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு போனார்கள். உனக்கும் அது உறைத்தது. "மேல இருக்கேக்குள்ள கடல் முழுக்க என்ர எண்டு கிடந்ததக்கா. இப்ப அது வெறும் தண்ணி" என்றாய். வெறும் தண்ணீரே போதும், இரு என்றேன். சிரித்தாய்.

பிறகு திருவிழா வந்தது. பெரியண்ணனும் தன் புதுக் கண்ணோடு உன் வாசலுக்கு வந்துவிட்டார். தெப்பத்தை ஓட்டுகிறவன் காப்புக் கட்ட வேண்டும். காப்புக் கட்டினால் ஒருநேரச் சாப்பாடு. அதோடு, காப்புக் கையோடு இங்கிலீசு மருந்து தொடக்கூடாது, அந்தக் குளிசைகளில் மாட்டெலும்பு கலந்திருக்கிறது, தீட்டு. இப்படி ஒரு சட்டத்தை ஐயர் சொன்னதாக எனக்கு நினைவில்லை. கோயில் சபைக்காரர்கள்தான் சொன்னார்கள்.

உன் வீட்டு விறாந்தையில் இருந்து பெரியண்ணன் சொன்னார்: "திருவிழா முடியுமட்டும் குளிசையை நிப்பாட்டு தம்பி. அம்மன் பாத்துக்கொள்ளுவா."

நான் உள்ளேயிருந்து வெளியே வந்தேன். "அப்ப நீங்களும் உங்கட பிரஷர்க் குளிசையை நிப்பாட்டுங்கோவன் அண்ணை. உங்களையும் அம்மன் பாக்கட்டும்."

"அது வேற, இது வேற. அது வருத்தம்."

"இது?"

"இது மனம் சம்பந்தப்பட்ட விசயம். இவனுக்கு முதல்ல இருந்த சுறுசுறுப்பைக் கெடுத்ததே அந்தக் குளிசைதான். சனம் எல்லாம் கேக்குது, எங்க அந்தப் பழைய ஆள் எண்டு."

சுகந்தி அவர் காலடியில் இருந்து அழுதாள். நான் அழவில்லை, கத்தினேன். நீ எங்கள் இருவரையும் பார்க்கவில்லை. பெரியண்ணனின் கடைசி வசனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய். பழைய ஆள். அந்த ஆளைத் திருப்பித் தருகிறேன் என்று உன்னிடம் ஒருவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அக்கா என்ன, டொக்டர் என்ன. "ஒரு கொஞ்ச நாளைக்குத்தானே அக்கா" என்றாய்.

தெப்பம் அழகாகத்தான் நடந்தது. பழைய ஆள் வந்துவிட்டான் என்று சனம் ஆரவாரித்தது. மண்டபத்தில் தொங்குகிற படம் அன்றைக்கு எடுத்ததுதான். காப்பை அவிழ்த்தார்கள், நீ குளிசைக்குத் திரும்பவில்லை. எதற்கு? உனக்குத்தான் வருத்தமே இல்லையே. டொக்டரிடம் ஓடினோம். கூட்டி வரச் சொன்னார். நீ வரமாட்டாய் என்றாய். உன்னைப் பிடித்து ஏற்றுவதற்கு ஆண்பிள்ளைகளைக் கேட்டேன். நல்லா இருக்கிற மனுசனை ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறீர்கள் என்று கேட்டார்கள்.

ஐப்பசியில் கடல் குணம் மாறிய பிறகு நீ கட்டைபறிச்சானுக்கு வேகப் படகு விடுவதாகக் கிளம்பினாய். கொட்டியாரக் குடாவைக் குறுக்கறுத்து, மற்றவர்கள் போகிற நேரத்தில் பாதியில் போய்க் காட்டப் போவதாகச் சொன்னாய். கிண்ணியாவின் நசீர் நானா, நீ எஞ்சின் கொடுத்தாயே, அவர்தான், படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். "தம்பி, காத்தைப் பாருங்க. இண்டைக்கு ஏலாது. நாளைக்கு நானும் வாறன்." நீ கயிற்றை அறுத்துக்கொண்டு போனாய். கரையில் நின்ற சிலர் கைதட்டினார்களாம். எஞ்சின் துள்ளிக்கொண்டு ஓடியதாம். நசீர் நானா இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

கட்டைபறிச்சான் பக்கம்தான் உன்னைக் கண்டெடுத்தார்கள். நீ சொன்ன இடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறாய்.

செத்த வீட்டில் பெரியண்ணன் பேசினார். கடலோடு போட்டியிட்ட வீரன் என்றார். நான் எழும்பிப் போய்க் குசினிக்குள் இருந்தேன். இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்த்து நான் ஒரு சொல் நல்லபடி கதைத்ததில்லை. மன்னிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை. உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது, ஒளிக்கவில்லை. கண்டவனின் எஞ்சினுக்கெல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்டாய்; மறுமொழி உன்னைப் பற்றியது என்று தெரிந்த பிறகும் கயிற்றை அறுத்தாய். வருத்தம்தான் அறுத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் போகவில்லை.

சரி, இன்றைக்கு வருவோம். தர்ஷியின் எஞ்சின் சத்தம் கேட்டோ என்னவோ, மத்தியானம் பெரியண்ணன் வந்து சேர்ந்தார். பிள்ளை அவரையும் கட்டிப்பிடித்து, படகுத் திட்டத்தைச் சொன்னாள். அவர் கண் கலங்கிவிட்டது. "அப்பனை உரிச்சு வச்சிருக்கிறாள்" என்றார். நாளைக்கு இவளை டொக்டரிடம் காட்டப் போகிறேன் என்று நான் சொன்னதும் அவருடைய கண் உடனே காய்ந்தது.

"உனக்கென்ன விசரோ? சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிற பிள்ளை. மனநோய்க் கிளினிக் வாசலில ஆரும் கண்டா? சந்தோசமா இருக்கிற பிள்ளையை ஏன் வருத்தக்காரி ஆக்கிறாய்?"

"ஓம் அண்ணை, சந்தோசமாத்தான் இருக்கிறாள்."

"கட்டாயம் போகத்தான் வேணுமெண்டா நானும் வாறன். நான் கதைக்கிறன்."

வேண்டாம் என்றேன். எப்படிச் சொன்னேன் என்று எழுதமாட்டேன். அயலார் மதிலடியில் நின்று கேட்டார்கள், அவர்களிடம் நீயே விசாரித்துக்கொள்.  இந்த முறை சுகந்தி அவர் காலடியில் இருக்கவில்லை. "மச்சாளும் நானும் போறம்" என்றாள்.

இது அதுவோ, வேறு எதுவோ, எனக்குத் தெரியாது. அப்பனைப் பறிகொடுத்த பிள்ளை, அவனுடைய பட்டறையைத் திறந்து ஆசையில் துள்ளுகிறாளோ என்னவோ. சிரிக்கிற பிள்ளைகளையெல்லாம் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போகிற கிழவியாக நான் ஆகிவிடக்கூடாது என்று எனக்கும் பயம்தான். டொக்டர் பார்த்து இல்லை என்று சொன்னால் நான் கோயிலில் தேங்காய் உடைப்பேன், அந்தப் படத்துக்கு முன்னாலேயே உடைப்பேன். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு அவர்கள் இல்லை என்று சொல்லட்டும்.

பிள்ளையிடம் நான் ஒளிக்கவில்லை. அப்பாவுக்கு இருந்தது உனக்கும் இருக்கிறதோ என்று பார்க்கப் போகிறோம் என்றேன். கண்ணை விரித்துச் சிரித்தாள். "எனக்கு வருத்தமோ மாமி? என்ர சீவியத்தில நான் இவ்வளவு சந்தோசமா இருந்ததே இல்லை." பிறகு, "சரி, வாறன். டொக்டருக்கும் என்ர படகுத் திட்டத்தைச் சொல்லோணும்" என்றாள். இப்போதும் பட்டறைக்குள் நின்று பாடிக்கொண்டிருக்கிறாள். உன் சாவிகளை அளவு வாரியாக அடுக்கி, குலைத்து, திரும்ப அடுக்குகிறாள்.

அந்தச் சிங்கள டொக்டர் மாற்றலாகிப் போய்விட்டார். வேறொருவர் இருப்பார், அவரும் களைத்துப் போயிருப்பார், வெளியே சனம் நெரியும். பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று கேட்பார். அவருக்குச் சொல்லப் போகிற வசனத்தைக் காலையிலிருந்து நான் வாய்க்குள் வைத்துக்கொண்டு திரிகிறேன், தம்பி. கதிரையில் இருந்ததும் முதலில் அதைத்தான் சொல்லுவேன்.

"பிள்ளை மெத்தச் சந்தோசமா இருக்கிறா டொக்டர். அதைச் சொல்லத்தான் வந்தனாங்கள்."